எடுத்தவனும் திருடினவனும்

ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்பெயின் தேசத்துப் பெண்மணி. தமிழ் கற்றுக்கொண்டு, என் நாவல் ஒன்றை ஸ்பானிய மொழியில் பெயர்க்க முன்வந்திருப்பவர். கடிதம் முழுவதும் மரியாதையும் நல்ல தமிழுமாக இருந்தது. ஆனால் கடைசியில் ஒரு கேள்வி. "உங்கள் கதையில் வரும் மனிதர் களத்து நெல்லை இரவில் கொண்டுபோகிறார். அவரை நான் என்ன சொல்லி அழைக்கட்டும்?" என்று கேட்டு, கீழே ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார்.

பட்டியலைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். திருடர்களுக்கு அந்த மொழியில் அத்தனை உபசாரம்! சில்லறைத் திருட்டுக்காரன் 'ரத்தேரோ'. பொதுவான திருடன் 'லத்ரோன்'. வழிமறித்துப் பறிப்பவன் 'சல்த்தேயதோர்'. மலையில் கூட்டம் சேர்த்துக்கொண்டு கொள்ளையிடுகிறவன் 'பந்தொலேரோ'. மாடு, குதிரை ஓட்டிக்கொண்டு போகிறவன் 'குவாத்ரேரோ'. செயலுக்கும் இப்படியே. ஆளையோ பூட்டையோ தொந்தரவு செய்யாமல் நைஸாக எடுத்தால் 'உர்த்தோ'. அடித்தோ, மிரட்டியோ, கதவை உடைத்தோ எடுத்தால் 'ரொபோ'. பேசி ஏமாற்றினால் 'எஸ்தாஃபா'. அந்த ஊர்ச் சட்டமே இந்தச் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து, தண்டனையையும் பிரித்து வைத்திருக்கிறதாம்.

நமக்கும் பஞ்சமில்லை. களவு, திருட்டு, கரவு, கொள்ளை, சூறை, வழிப்பறி, கன்னம் வைத்தல், முடிச்சவிழ்த்தல், மோசடி, கையாடல். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. கையாடல் செய்கிறவர் சட்டை கசங்காதவர். முடிச்சவிழ்க்கிறவன் திருவிழாக் கூட்டத்தில் இருப்பவன். கன்னம் வைக்கிறவனுக்கு இருட்டும் ஆயுதமும் வேண்டும். ஆனால் என் கதை மனிதன் இவர்களில் யாருமில்லை. அவன் எடுத்தது ஆறு மரக்கால் நெல். அவனுக்குச் சேரவேண்டிய கூலி அதற்கும் மேலே பாக்கி நின்றது.

பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நாட்களைக் கடத்தினேன். அந்த நிலையில்தான் அரியலூரில் ஒரு கலியாணத்துக்குப் போகவேண்டி வந்தது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாகப் போகிற பாதை. கொள்ளிடத்துப் பாலம் தாண்டியதும் மனசில் ஒன்று தோன்றியது. கலியாணம் மறுநாள் காலையில்தானே? ஏலாக்குறிச்சிக்குப் போய்விட்டு வந்தால் என்ன?

காரணம் உண்டு. அந்தப் பெண்மணியின் சங்கடத்தைத் தலைகீழாக அனுபவித்த ஒரு மனிதர் சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன் அந்த ஊரில் வாழ்ந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்றால் சிலருக்குத் தெரியாது. வீரமாமுனிவர் என்றால் தெரியாதவர் இல்லை. 1680-இல் இத்தாலியில் மாந்துவா நகரத்துக்கு அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த வருஷம் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். பிறகு அவருக்கு ஊர் என்று ஒன்று அமைந்ததென்றால் அது கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள இந்த ஏலாக்குறிச்சிதான். இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அந்தப் பெயரில் ஒரு கலம்பகமும் பாடினார்.

இத்தாலிக்காரர் ஒருவர் கலம்பகம் பாடியதே ஆச்சரியம். 3,615 பாட்டில் தேம்பாவணி பாடியது அதைவிட ஆச்சரியம். ஆனால் என்னைப்போல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அவருடைய அகராதி வேலைதான் பெரிய ஆச்சரியம். 1732-இல் அவர் முடித்த சதுரகராதிக்கு முன்னால், ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டுப் பாட்டுகளை நெட்டுருப் பண்ணியிருக்கவேண்டும். மனசில் பாட்டு இல்லாதவனுக்குச் சொல்லும் இல்லை. அவர் பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு கூறாக்கி, அகர வரிசையில் அடுக்கி, சொல்லைத் தேடுகிற யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். இது தவிர, தமிழ்ச் சொல்லுக்கு லத்தீனில் பொருள் சொல்லும் அகராதி வேறு. போர்ச்சுக்கீசியத்தையும் சேர்த்துக்கொண்ட அகராதி வேறு. திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். 108 அதிகாரம், 1,080 குறள். காமத்துப்பாலைத் தொடவில்லை. அந்த லத்தீன் பெயர்ப்பைத்தான் ஜி. யு. போப் 1886-இல் தம்முடைய குறள் பதிப்பின் குறிப்புகளில் சேர்த்து அச்சிட்டார்.

நான் போனபோது பிற்பகல். கோயிலில் கூட்டமில்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு அருகே ஒரு பாட்டி மட்டும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாள். அந்தக் கூண்டைப் பார்த்ததும் எனக்கு இந்த விஷயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று விளங்கிவிட்டது. நம் நாட்டுக்கு வந்த ஐரோப்பியப் பாதிரிமார் முதல் வேலையாகக் குற்றங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடியாகவேண்டியிருந்தது. ஏனென்றால், ஒருவன் வந்து தான் செய்ததைச் சொன்னால்தான் மன்னிப்பு. சொல்லத் தெரியவேண்டும், கேட்கிறவருக்கும் புரியவேண்டும். வீரமாமுனிவருக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே, போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் இந்தப் பாட்டைப் பட்டார். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர் அவர்தான். இரண்டே வருஷத்தில், 1580-இல், கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கென்று தமிழில் ஒரு தனிப் புஸ்தகம் போட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில புஸ்தகங்களில் ஒன்று, மனிதர் செய்யும் தப்புகளை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியது! நம் அச்சுக்கலையின் ஆரம்பம் அவ்வளவு அடக்கமானது.

இதில் ஒரு வேடிக்கை. போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாம் சாவி என்ற சொல்லை வாங்கினோம், அலமாரியை வாங்கினோம், ஜன்னலையும் வாங்கினோம். பூட்டி வைக்கிற சாமானுக்கெல்லாம் அவர்களிடம் சொல் கடன் வாங்கின நாம், திருட்டுக்கு மட்டும் யாரிடமும் போகவில்லை. அது உள்ளூர்ச் சரக்கு.

பாதிரிமார் தேடிய சொற்களில் தலையாயது பாவம். லத்தீனில் 'பெக்காத்தும்' என்பார்கள். அவர்களுக்கு அது கடவுளின் கட்டளையை மீறுவது. நமக்கோ பாவம் என்பது புண்ணியத்தின் மறுபக்கம்; செய்தவனைப் பிறவிதோறும் துரத்துகிற கணக்கு. ஒரே சொல்லில் இரண்டு உலகத்தையும் அடைத்தார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது உலகம் ஒன்று இருப்பதை எந்த மொழிபெயர்ப்பாலும் கொண்டுபோக முடியாது. அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்த்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஐயோ, பாவம்!" குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பேசுகிற ஜனங்கள் நாம். பாவம் செய்தவனும் பாவம்தான்.

குற்றம் என்ற சொல்லும் அப்படி லேசானதல்ல. பழைய தமிழில் அதற்குக் குறை, மாசு என்பதே பொருள். நூலுக்குப் பத்துக் குற்றம் உண்டு என்று இலக்கணக்காரர் எழுதினார்கள். நக்கீரர் சிவபெருமான் பாட்டிலேயே குற்றம் கண்டார். அதற்காக யாரும் சிவபெருமானைச் சிறையில் போடவில்லை. பாட்டில் இருந்த குறை, பின்னால் கோர்ட்டுக்குப் போய் வழக்காயிற்று. லத்தீனிலோ 'கிரீமென்' என்ற சொல் முதலில் சாட்டுதலைத்தான் குறித்தது. ஒருவன்மீது சுமத்தப்பட்டது எதுவோ அது கிரீமென். பிறகுதான் அது அவன் செய்த செயலுக்கே பெயராயிற்று. சாட்டினதும் செய்ததும் ஒன்றாகிவிட்டது! இந்தச் சறுக்கலில் எத்தனை தலை உருண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

களவு என்ற சொல்லை எடுத்துக்கொண்ட வெளிநாட்டார் படும் பாடு தனி. அறத்துப்பாலில் கள்ளாமை என்று ஓர் அதிகாரம். அங்கே களவு பெரும் பாவம். மனசால் நினைப்பதே தீது என்கிறார் வள்ளுவர். சரி என்று குறித்துக்கொண்டு அகப்பொருள் இலக்கணத்தைப் புரட்டினால், அங்கே களவு என்பது தலைவனும் தலைவியும் பிறர் அறியாமல் கொள்ளும் காதல். ஒழுக்கம் என்றே பெயர்! தொன்னூல் விளக்கம் எழுதிய வீரமாமுனிவருக்கு இரண்டு களவும் தெரியும். லத்தீனில் அவருக்கு முன்னே இருந்த சொற்கள் 'ஃபூர்த்தும்', 'ராபீனா' என்பவை. முன்னது மறைவாக எடுப்பது, பின்னது பறிப்பது. அவற்றில் எதை எடுத்தாலும் காதலர்கள் வெளியே நின்றுவிடுவார்கள்.

இன்னொரு லத்தீன் சொல் 'லாத்ரோ'. ஸ்பானியத் திருடன் லத்ரோன் அதிலிருந்து வந்தவன்தான். ஆனால் ஆதியில் லாத்ரோ என்றால் கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். சண்டை நின்றது, கூலி நின்றது, சிப்பாய் வழியில் நின்றான். சொல்லும் அவனோடு கூடவே இறங்கிவிட்டது.

கோயில் வாசலில் ஒரு வயசான உபதேசியார் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஐயா, களவுன்னா எல்லாக் களவும் ஒரே எடையா? எங்க ஞானோபதேசத்திலேயே சாவான பாவம், அற்பப் பாவம்னு ரெண்டு உண்டு. பணக்காரன் வீட்டுல ஒரு படி அரிசி எடுக்கிறதும், ஒண்ணுமில்லாதவன் வீட்டுல ஒரு படி எடுக்கிறதும் ஒண்ணாகுமா? அவனுக்கு அதுதானே அன்னிக்கு உசிரு?"

"பசிக்கு எடுத்தால்?" என்றேன்.

"அதைப் பெரியவங்க அப்பவே சொல்லிட்டாங்களே" என்றார். தோமா அக்குவினாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த மகான் எழுதிவைத்திருக்கிறார்: உயிர் போகும் நெருக்கடியில் பிறர் பொருளை ஒருவன் எடுத்துக்கொண்டால், சரியாகச் சொல்லப்போனால் அதற்குத் திருட்டு என்று பெயரே இல்லை என்று. வீரமாமுனிவரின் சபையார் வேத சாஸ்திரத்தில் பின்பற்றியது தோமாவைத்தான். நம் பக்கத்திலும் விசுவாமித்திரர் கதை இருக்கிறது. பஞ்சகாலத்தில் அந்த மகரிஷி சேரிக் குடிசையிலிருந்து நாய் மாமிசத்தை எடுத்தார்; பாரதம் அதற்கு ஆபத்தருமம் என்று பெயர் வைத்தது. 1862-இல் விக்டர் யூகோ ஒரு ரொட்டித் துண்டைச் சுற்றிப் பெரிய நாவலையே எழுதினார். சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் கொடுத்தார். 1950-இல் படமாகவும் வந்து ஊரை அழவைத்தது. ஆக, எடுத்தலும் திருடலும் வேறு என்று ரோமாபுரிக்கும் தெரியும், குருக்ஷேத்திரத்துக்கும் தெரியும். தெரியாமல் தவிப்பது பெரும்பாலும் பதிவேடு எழுதுகிறவர்கள்தான்.

உபதேசியாரிடம் விடைபெற்றுக்கொண்டு சிறிது நேரம் நிழலில் நின்றேன். அடைக்கல மாதா என்ற பெயரே மனசில் சுற்றிக்கொண்டிருந்தது. அடைக்கலம் என்றதும் தமிழ் படித்தவனுக்கு வேறு என்ன நினைவு வரும்? சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை. கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். அடுத்த காதை கொலைக்களக் காதை. நடுவில் நடந்தது என்ன? ஒரு சொல். பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்றான். காவலர்கள் தயங்கினார்கள், இவனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார்கள். அவன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டு என்று பிரசங்கமே செய்தான். திருட்டைப் பற்றி அவ்வளவு விவரமாகப் பேசினவன்தான் சிலம்பைத் திருடினவன்! சொல் ஒட்டிக்கொண்டது, வாள் இறங்கிவிட்டது. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது பாண்டியன் அந்தச் சொல்லை எடுத்துத் தன் தலைமேலேயே சூட்டிக்கொண்டு விழுந்து உயிர்விட்டான். தவறான ஆள்மேல் இட்ட சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு ஓர் அரசனின் உயிர் விலையாயிற்று.

கதை என்று ஒதுக்கிவிட முடியாது. வேங்கட மலைத் தலைவன் புல்லியைச் சங்கப் புலவர்கள் கள்வர் கோமான் என்று பாடினார்கள். அது வீரனுக்குச் செய்த மரியாதை. ஊர்க்காவல் பார்த்த குடிகள் அந்தப் பெயரோடு நம்மிடையே கௌரவமாகவே வாழ்ந்தார்கள். பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பார்த்த வெள்ளைக்காரர், 'திருடர் ஜாதி' என்று பொருள் பண்ணிக்கொண்டார்கள். 1871-இல் வடக்கே ஒரு சட்டம் பிறந்தது. 1911-இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். நம் ஊர்த் தமிழில் அதற்குக் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று பெயர் வந்தது. அந்தப் 'பரம்பரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறக்காத பிள்ளையையும் அது பிடித்து உள்ளே போடுகிறது. வயசுவந்த ஆண்கள் கைரேகை வைக்கவேண்டும். இராத்திரியில் காவல் நிலையத்தில் ஆஜராகவேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஜனங்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தை எடுத்தார்கள். 1952-இல் இந்தியா முழுவதும் எடுத்தார்கள். சட்டத்தை எடுத்த பிறகு சொல்லையும் மாற்றவேண்டியிருந்தது. சீர்மரபினர் என்று புதுப் பெயர் வந்தது. பரம்பரையும் மரபும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். முன்னே நின்ற குற்றத்தை நீக்கிச் சீரை வைத்தார்கள். இரண்டெழுத்துச் சொல்லுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

போலீஸ் பதிவேட்டுச் சொற்களின் ஆயுசு அலாதியானது. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கு 420 என்று ஓர் எண் விழுந்தது. அந்த எண்ணே ஏமாற்றுக்காரனுக்குப் பெயராகிவிட்டது. 2024 ஜூலை முதல் தேதி புதுச் சட்டம் வந்து 420 காலாவதியாயிற்று. இப்போது அது 318-இல் இருக்கிறது. ஆனால் யாராவது யாரையாவது "சரியான 318 அவன்" என்று சொல்லக் கேட்டீர்களா? 'கேடி' என்பதும் அப்படித்தான். தெரிந்த கொள்ளைக்காரன் என்ற பொருளில் 'நோன் டெப்ரடேட்டர்' என்று ஆங்கிலத்தில் போலீசார் வைத்த பெயரின் முதலெழுத்துகள் 'கே', 'டி'. நம் ஜனங்கள் அதைக் கேடு என்ற தமிழ்ச் சொல்லுக்கு உறவாக்கிக்கொண்டு நிரந்தரமாகக் குடிவைத்துவிட்டார்கள்.

இதை நான் எங்கோ படித்துச் சொல்லவில்லை. என் நாவலில் வருகிற மனிதருக்கு மூலமானவர் எங்கள் ஊர்க்காரர். நான் பையனாக இருந்தபோது, ஒரு மாசி மாதத்து இரவில், மிராசுதார் களத்திலிருந்து ஆறு மரக்கால் நெல் எடுத்தார். காலையில் பிடித்துவிட்டார்கள். மிராசுதார் "திருட்டுப் பயல்" என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டது கேடி என்று. என் பாட்டி மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி, "பாவம், வயித்துக்கில்லாம எடுத்துட்டான்" என்றாள். அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் எங்கே ஒரு கோழி காணாமற் போனாலும் அவர் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வந்தது. அவர் இறந்த அன்றுகூட, "கேடி போயிட்டானாம்" என்றுதான் டீக்கடையில் பேச்சு.

நாவல் எழுதினபோது அவர்மேல் எனக்கு நிறைந்த பரிவு. அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பாகக் 'கள்ளன்' என்று வைத்தேன். விறுவிறுப்பாக இருந்தது, வைத்தேன். புஸ்தகம் வந்து ஒரு வருஷம் கழித்து அவருடைய மகன் என்னைத் தேடிவந்தார். புஸ்தகத்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் நெசந்தாண்ணே. அழுதுட்டேன். ஆனா அந்தத் தலைப்பு மட்டும் யாரு சொல்றதுண்ணே? மிராசுதார் சொல்றதா, நீங்க சொல்றதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன். அந்தக் கேள்வியைத்தான் ஸ்பெயின் தேசத்துப் பெண்மணி வேறு விதமாக எனக்கு எழுதியிருக்கிறார் என்பது ஏலாக்குறிச்சியில் அந்த நிழலில் நின்றபோதுதான் உறைத்தது.

உள்ளே பாட்டியின் முறை வந்துவிட்டது போலிருக்கிறது. கூண்டின் பக்கம் தணிந்த குரல் கேட்டது. நான் நகர்ந்து வெளியே வந்தேன். அந்த இடத்தில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. தான் செய்ததற்கு அங்கே அவரவர்தான் பெயர் சொல்லவேண்டும். அடுத்த வீட்டுக்காரர் வந்து சொல்ல இடமில்லை. வீரமாமுனிவர் நாலு பகுதியாக அகராதி எழுதி, சொல்லை வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டார். எந்தச் சொல்லை யார் வாயில் வைப்பது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. அது எழுதுகிறவன் பொறுப்பு.

அன்றிரவு அரியலூர் கலியாண வீட்டில், நாயனச் சத்தத்துக்கு நடுவே, பதில் எழுதி முடித்தேன். "அம்மையீர்! மிராசுதார் பேசும் இடத்தில் லத்ரோன் என்று போடுங்கள். போலீஸ்காரர் பேசும் இடத்தில் உங்கள் சட்டம் சொல்லும் சொல்லைப் போடுங்கள். கதையை நான் சொல்லும் இடங்களில் மட்டும் 'தோமோ' என்று போடுங்கள். எடுத்துக்கொண்டார் என்பதற்கு உங்கள் மொழியில் அதுதானே சொல்? என் பாட்டி சொன்ன 'பாவம்' என்பதற்கு உங்களிடம் சொல் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் அதைப் பாவம் என்றே விட்டுவிடுங்கள். கீழே ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம்."

தமிழில் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போயிருக்கிறது. முதல் அத்தியாயத்துக்கு இப்போது 'ஆறு மரக்கால்' என்று தலைப்பு.